திரைச்சீலைக் கொக்கி எங்கே?

குன்னெலின் புருஷன் ரூனே ஒரு சாயங்காலம் காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கொஞ்ச நாள் தனியா இருக்கணும்போல இருக்கு" என்று சொல்லிப் பெட்டியோடு ஏரிக்கரை மரவீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. ஏன் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான். முப்பது வருஷத்துக்கும் மேல் கூட வாழ்ந்த பெண்டாட்டிக்கு ஒரு தோள் குலுக்கல்!

ஸ்வீடனின் போரோஸ் நகரத்தில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது, ஒரே ஒருத்தியைத் தவிர. அவள் ரூனேயின் அக்கா மார்த்தா. அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். ஊருக்கே தெரிந்து மார்த்தாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும் என்று குன்னெல் நினைத்துக்கொள்ளாத நாளில்லை.

இன்று சனிக்கிழமை. விடிந்தால் அட்வென்ட் முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு ஜன்னல்களை அலங்கரித்து முடிக்க வேண்டிய நாள். எதிர்க் கட்டடத்தில் அத்தனை ஜன்னலிலும் காகித நட்சத்திரம் ஏறிவிட்டது. சிவப்புத் திரைச்சீலைகள் மடிப்பு மடிப்பாக இறங்கிவிட்டன. மூன்றாம் மாடியில் குன்னெலின் சமையலறை ஜன்னல் மட்டும் மொட்டையாக நின்றது.

சிவப்புத் திரை என்னவோ தயார். இஸ்திரி போட்டு மேஜைமேல் நீட்டிக் கிடந்தது. கொக்கிகளைத்தான் காணோம்.

விரல் நீளக் கம்பிக் கொக்கிதான். மேலே வளைந்த கழுத்து, கீழே முள்கரண்டிபோல நாலு விரல். திரையின் தலைப்பில் தைத்த நாடாவில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள் இருக்கும். அதில் இந்த நாலு விரலையும் செருகி ஏற்றினால் துணி தானாகச் சேர்ந்து அழகான மடிப்பாக நிற்கும். கொக்கி இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட துணியும் கொடியில் காயப்போட்ட போர்வைதான்.

குன்னெல் இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்துவிட்டாள். துணி அலமாரி, தையல் பெட்டி, நிலவறை, எங்கேயும் இல்லை. முக்காலியில் ஏறிப் பரண் தட்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது மணி அடிக்காமலே மார்த்தா உள்ளே வந்தாள்.

"இன்னும் மாட்டலயா நீ?"

"மாட்டிட்டேன். உனக்குத்தான் கண்ணு தெரியல."

"கோவப்படாத குன்னெல். எதிர்வீட்டுக்காரி என்னைய நிறுத்திக் கேட்டா. 'மூணாம் மாடியில யாருக்கும் உடம்பு சரியில்லயா'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான்."

குன்னெல் முக்காலியிலிருந்து இறங்கினாள். மார்த்தாவின் பெருமூச்சு சாதாரணப் பெருமூச்சு அல்ல. உள்ளூர்ச் செய்தித்தாளில் அரைப் பக்கத்துக்குச் சமம்.

"கொக்கியக் காணோம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு காப்பி டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். டப்பாவோட காணோம்."

"சேஃப்டி பின் குத்தி மாட்டிடேன். யாரு வந்து பாக்கப்போறா?"

"நாளைக்கு யோன்னா வரா, தீரா வரா. ரெண்டு வருஷமா அந்தக் குழந்தைக்கு இந்த வீட்ல மட்டுந்தான் பண்டிகை. அது சேஃப்டி பின் குத்தின பண்டிகையா இருக்கணுமா?"

யோன்னா குன்னெலின் மருமகள். மகன் மத்தீஸ் இரண்டு வருஷம் முன்னால் ஒரு காலையில், தூங்கிக்கொண்டிருந்த பெண்டாட்டியையும் கைக்குழந்தை தீராவையும் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நார்வேக்கு ரயிலேறிப் போனவன். பிறகு எங்கிருந்தோ ஒருதரம் போன் செய்தான். "ஏன் விட்டுட்டுப் போனன்னு யோன்னா மூஞ்சியப் பாத்து நீ சொல்ற வரைக்கும் என் வாசப்படிய மிதிக்காத" என்று குன்னெல் சொன்னாள். அதோடு போன் வருவதும் நின்றது.

மார்த்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டில் அடுக்கியிருந்த இஞ்சி பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"காப்பி டப்பான்னா... நீலக் கலர்தானே? மூடி நசுங்கினது?"

"ஆமா."

"அத ரூனே எடுத்துட்டுப் போயிட்டானே. போன வாரம் நீ வேலைக்குப் போயிருந்தப்ப வந்தான். மாடிப்படில பாத்தேன். டப்பாவுக்குள்ள கலகலன்னு சத்தம். கையிடுக்குல ஏதோ பச்சைத் துணி வேற."

குன்னெல் அவளையே பார்த்தாள். "காலையிலேர்ந்து நான் இங்க வீட்டையே தலைகீழாப் பொரட்டிட்டு இருக்கேன். அத இப்பத்தான் சொல்ற?"

"நீ கேக்கவே இல்லயே!"

திரைச்சீலைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத மனுஷன் ரூனே. குளிருக்கு ஜன்னலில் செய்தித்தாளை ஒட்டிவிட்டு 'அருமையா இருக்குல்ல' என்று கேட்கிற ரகம். அவனுக்குக் கொக்கி எதற்கு?

மார்த்தா பிஸ்கட் துகளை மடியிலிருந்து தட்டிவிட்டாள். "தனியா இருக்கப் போறேன்னு போன ஆம்பிளைக்கு மடிப்பு வச்ச திரை எதுக்குன்னுதான் எனக்கும் புரியல. அதுக்கெல்லாம் வேற கைதான் வேணும். நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னு சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்ட."

குன்னெல் கோட்டை மாட்டினாள். கார் சாவியை எடுத்தாள்.

"நானும் வரேன்," என்று மார்த்தா எழுந்தாள். அவள் கண்ணில் தெரிந்த ஆவல் ஒரு கார் என்ஜினை ஓட்டப் போதுமானது.

"நீ இங்கயே இரு. யோன்னா போன் பண்ணா, நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடச் சொல்லு. ரூனே எங்கன்னு கேட்டா ஏரிக்கரையில விறகு வெட்டறான்னு சொல்லு. பெருமூச்சு மட்டும் விட்டுத் தொலைக்காத!"

ஊரைத் தாண்டியதும் மழையும் பனியும் கலந்து அடித்தது. இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள் கன்னங்கரேலென்று நின்றன. மத்தியானம் தாண்டி ரொம்ப நேரம் ஆகவில்லை, அதற்குள் இருட்ட ஆரம்பித்துவிட்டது. குன்னெல் வழியெல்லாம் வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

"ரூனே, உன் சந்தோஷத்துக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன்." சீ, இது நாடகம் மாதிரி இருக்கிறது. "ரூனே, யாருடா அவ?" இது ரொம்ப மட்டம். "ரூனே, நீ யாரோட வேணும்னாலும் இரு. என் கொக்கிய ஏன் எடுத்த?" இது சரியாக இருந்தது. திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தரமும் குரல் கொஞ்சம் கூடுதலாக நடுங்கியது.

மண்பாதை முடிகிற இடத்தில் சிவப்பு மரவீடு. புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ரூனேயின் கார் ஒன்றுதான் நின்றது. குன்னெல் கதவுக்குப் போகாமல் முதலில் சின்ன அறையின் ஜன்னல் பக்கம் போனாள்.

பச்சைத் திரை. கனத்த பருத்தி. அவள் வீட்டுத் துணிதான், மார்த்தா மாடிப்படியில் பார்த்த அதே பச்சைத் துணி. உள்ளே விளக்கு எரிந்ததால் மடிப்புகள் ஒவ்வொன்றும் நிழல் விழுந்து தெளிவாகத் தெரிந்தன. ரூனே போட்ட மடிப்பு இல்லை. ஒன்றுபோல, நிதானமாக, பொறுமையான ஒரு கை போட்டது.

ஆக, ஒருத்தி இருக்கிறாள். அதுவும் கெட்டிக்காரி.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு பை விடுவதுதான் எல்லோர் வழக்கமும். இங்கே மூன்று விட்டிருந்தது. ஓரத்துக்கு வந்ததும் மட்டும் ஒரே பை விட்டு, கடைசி மடிப்பை நெருக்கிப் போட்டிருந்தது. அப்படிப் போட்டால்தான் ஓரம் தொய்யாது என்பது குன்னெலின் கட்சி. "இது என்ன கோணல் கணக்கு" என்று மார்த்தா அவளைக் கேலி செய்யாத வருஷமில்லை. அந்தக் கோணல் கணக்கில் மடிப்புப் போடுகிற கை இந்த ஸ்வீடனிலேயே இரண்டுதான். ஒன்று அவளுடையது. இன்னொன்று, சின்ன வயதில் காலைச் சுற்றிச் சுற்றி வந்து தொணதொணத்த பையனின் வாயை அடைக்க, கொக்கியைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாளே, அவனுடையது.

குன்னெல் நேராக வாசலுக்குப் போனாள்.

கதவைத் தட்டினாள். கையில் உருளைக்கிழங்குச் சீவுகத்தியோடு ரூனே வந்து திறந்தான். அவளைப் பார்த்ததும் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான், ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, ஒன்றைத் தவிர.

"என் கொக்கி எங்க?"

"குன்னெல், மெதுவாப் பேசு."

"மெதுவாவா? ஒரு மாசம் மெதுவாப் பேசினேன் ரூனே. சுவத்துக்கிட்ட பேசினேன். இனிமே சத்தமாத்தான் பேசுவேன். கொக்கி எங்க?"

அவன் பதில் சொல்லவே தேவையிருக்கவில்லை. அடுப்புக்கு மேலே ஒரு கயிறு. கயிற்றில் ஈரக் காலுறைகள். ஒவ்வொரு காலுறையும் அவளுடைய நாலு விரல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிச்சம் இருந்துச்சு," என்றான் ரூனே. "நல்லாப் பிடிக்குது."

குன்னெல் ஒரு கொக்கியை எட்டிப் பிடுங்கப் போனாள். அதற்குள் சின்ன அறைக் கதவு திறந்தது.

மத்தீஸ் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டிருந்தான். தோளில் அது சட்டத்தில் மாட்டியதுபோலத் தொங்கியது. தாடி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஒரு காலத்தில் இவன் கதவில் நுழைந்தால் கதவு சின்னதாகத் தெரியும்.

"வா அம்மா," என்றான்.

குன்னெல் வாயைத் திறப்பதற்குள், "உன் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொன்ன," என்று அவனே முந்திக்கொண்டான், மெதுவாக. "அதான் இங்க வந்தேன். இது உன் வாசப்படி இல்ல. அப்பாவோடது, மார்த்தா அத்தையோடது."

பாவி, சொன்ன சொல்லை அப்படியே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டிருக்கிறான். சின்ன வயதில் 'சாப்பிட்டுத்தான் வெளிய போகணும்' என்றால் ஒரே ஒரு பருக்கையைத் தின்றுவிட்டு ஓடுவானே, அதே புத்தி.

குன்னெல் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக ஊறப்போட்டு வைத்த கோபம் எழுந்து வந்து, இந்த மெலிந்த ஆளைப் பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றது. கடைசியில் பழகிய இடத்துக்கே போனது.

"ரூனே! இவன் எப்ப வந்தான்?"

"நான் இங்க வந்ததுக்கு ரெண்டு நாள் முன்ன. மார்த்தா அக்காகூடத் தெரியாது."

"அப்ப எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"நான் பொய்யே சொல்லல. தனியா இருக்கணும்னு சொன்னேன். யாரோட தனியான்னு நீ கேக்கல."

"கேக்கலயா! அக்காவும் தம்பியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கீங்க, கேக்கலயாம்! ஒரு மாசமா நான் யாரோ ஒரு பொம்பளையத் தேடிட்டு இருக்கேன் ரூனே. ஒவ்வொருத்தி மூஞ்சியாப் பாத்துப் பாத்து! மளிகைக் கடை கல்லாவுல உக்காந்திருக்கறவ, 'உங்க வீட்டுக்காரர் நல்லாருக்காரா'ன்னு கேட்டா. அவளா இருக்குமோன்னு ரெண்டு நாள் தூங்கல. அவளுக்கு எழுபது வயசு!"

ரூனே சீவுகத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவன்தான் சொல்லாதன்னான்."

"உனக்கு நான் யாரு?"

"நீ இவனப் பாத்ததும் யோன்னாவுக்கு என்ன பதில்னுதான் மொதல்ல கேப்ப. எப்படி இருக்கன்னு கேக்கமாட்ட. இவன் அப்ப இருந்த நெலமைக்கு அதத் தாங்கமாட்டான்."

குன்னெல் 'நானா அப்படி' என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனியில், அப்படியே அதே வார்த்தைகளில், தயாராக நின்றுகொண்டிருந்தது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

"எப்படி இருக்க?" என்றாள் மகனைப் பார்த்து. குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது.

மத்தீஸ் அடுப்புப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"இப்பப் பரவால்ல. டாக்டர்கிட்ட போறோம், அப்பா கூட்டிட்டுப் போறாரு. மாத்திரை தராங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப காலையில எழுந்து காலுறை போடறதே மலை ஏறுற மாதிரி இருந்துச்சும்மா. யோன்னா என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கேப்பா. என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. ஒரு நாள் தீராவத் தூக்கிக்கிட்டு மாடிப்படில நிக்கறேன். கீழ எறங்கணும். எறங்க முடியல. எவ்வளவு நேரம் நின்னேனோ. குழந்தை அழுவுது, எனக்குக் கேக்குது, ஆனா கால் நகரல. நான் கூட இருந்தா இதுக்கு ஆபத்துன்னு தோணிடுச்சு. அதான் போயிட்டேன். எங்க போனாலும் அது கூடவே வந்துச்சு."

காலுறையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அடுப்பில் விழுந்து சுரீரென்றது.

"இதச் சொல்றதுக்கு என்ன?" என்றாள் குன்னெல். "இதத்தானே நான் சொல்லச் சொன்னேன்."

"அப்ப இந்த வார்த்தைங்க எங்கிட்ட இல்லம்மா."

அவள் பதில் சொல்வதற்குள் கோட்டுப் பையில் போன் அலறியது. மார்த்தா.

"குன்னெல், கோவப்படாம கேளு. யோன்னாவும் குழந்தையும் இன்னைக்கே வந்துட்டாங்க. நாளைக்குப் பாதையெல்லாம் உறைஞ்சிடுமாம், அதான் முன்கூட்டியே கிளம்பிட்டாளாம். நீ ஏரிக்கரைக்குப் போயிருக்கன்னு சொன்னேன். உடனே அந்தப் பொண்ணு 'தாத்தா, தாத்தா'ன்னு குதிச்சிட்டா. சரின்னு அவங்களும் அங்கதான் வராங்க."

"எப்பக் கிளம்பினாங்க?"

"அப்பவே கிளம்பிட்டாங்களே."

"மார்த்தா! அப்பவே ஏன் சொல்லல?"

"இப்பச் சொல்றேன்ல?"

குன்னெல் போனை அணைத்தாள். இரண்டு ஆண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மார்த்தாவின் குரல் ஏரிக்கு அந்தக் கரைவரை கேட்டிருக்கும்.

மத்தீஸ் எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் யோன்னா நேராக வந்து நிற்பாள். இரண்டு வருஷமாக குன்னெல் எதைக் கேட்டாளோ அது தானாக நடந்துவிடும். ஒரு நிமிஷம் அந்த ஆசையும் வந்தது. ஆனால் அந்தப் பெண்ணை இப்படிக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து நிறுத்த மனசு வரவில்லை. யோன்னாவின் எண்ணை அழுத்தினாள்.

"யோன்னா, வண்டிய ஓரமா நிறுத்திட்டுப் பேசு."

"என்ன ஆச்சு அத்தை? ரூனே மாமாவுக்கு ஏதாவதா?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்கு என்னைக்கும் ஒண்ணும் ஆகாது. மத்தீஸ் இங்க இருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியும். உடம்பு சரியில்லாம இருந்திருக்கான், மனசு சரியில்லாம. நீ திரும்பி வீட்டுக்குப் போறதுன்னா போ. நான் இன்னும் ஒரு மணி நேரத்துல அங்க வந்துடறேன். உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது."

அந்தப் பக்கம் கார்க் கண்ணாடித் துடைப்பான் சர்க் சர்க்கென்று அடிக்கிற சத்தம். பின் இருக்கையில் தீரா ஏதோ பாட்டை ஒரே வரியில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். பிறகு யோன்னா போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்றான் மத்தீஸ்.

"ஒண்ணும் சொல்லல."

ரூனே தொண்டையைச் செருமினான். "வேணும்னா பின்பக்கமா ஏரியோரம் ஒரு நடை போயிட்டு வரலாம்டா. நானும் வரேன்."

குன்னெல் தன் வாயிலிருந்து 'உக்காருடா அங்கயே' என்பது வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வேறொன்று வந்தது.

"போணும்னா போ மத்தீஸ். இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அதைச் சொல்ல அவளுக்கு உடம்பில் இருந்த தெம்பெல்லாம் தேவைப்பட்டது. மத்தீஸ் அம்மாவை விநோதமாகப் பார்த்தான். பிறகு தொட்டிப் பக்கம் போய், பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். துடைத்துக்கொண்டு, முன்வாசல் கதவைத் திறந்து, வெளிப்படியில் போய் உட்கார்ந்தான்.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல் இருந்தது குன்னெலுக்கு. சீவுகத்தியைப் பிடுங்கி உருளைக்கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

"பாதிக் கிழங்கு தோலோட போகுது குன்னெல்."

"ரூனே, ஒரு மாசம் வாய மூடிக்கிட்டு இருந்தியே. இன்னும் அரை மணி நேரம் இருந்தா செத்தா போயிடுவ?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டான். ஆனால் அவள் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு கத்தியை எடுத்து, தானும் ஒரு கிழங்கைச் சீவினான். தோள் தோளில் பட்டது. குன்னெல் நகர்ந்துகொள்ளவில்லை. மன்னித்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும், அதற்கு அப்புறம் தனியாக ஒரு நாள் இருக்கிறது.

மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. போனது. மறுபடி தெரிந்தது. மண்பாதையில் திரும்பி, மெல்ல மெல்ல, பாதி வழியில் ஒருதரம் நின்று, பிறகு மறுபடி நகர்ந்து வந்தது.

குன்னெல் கத்தியோடு வாசலுக்கு ஓடினாள்.

கார் முற்றத்தில் நின்றது. என்ஜின் அணையவில்லை, முன்விளக்கும் அணையவில்லை. அந்த வெளிச்சம் நேராக மத்தீஸின் முகத்தில் விழுந்தது. அவன் கையை உயர்த்தி மறைத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் இருக்கையில் யோன்னா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பின்கதவு திறந்தது. தலை முதல் கால்வரை குளிர் உடுப்பில் பொம்மைபோல உருண்டு இறங்கிய தீரா, சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்து படிக்கட்டருகில் நின்றாள்.

"தாத்தா இருக்காரா?"

"இருக்காரு," என்றான் மத்தீஸ். குரல் உடைந்திருந்தது.

குழந்தை தலையைச் சாய்த்து அவனை மேலும் கீழும் பார்த்தது. "இது தாத்தா ஸ்வெட்டர்."

"ஆமா."

"நீ யாரு?"

மத்தீஸ் திரும்பி அம்மாவைப் பார்த்தான். குன்னெலுக்கு ஆயிரம் பதில் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது காரின் கண்ணாடி இறங்கியது.

"நீயே சொல்லு மத்தீஸ்," என்றாள் யோன்னா. "நானும் கேக்கணும்."